ஏழாம் நம்பர் பவுல்

கத்தத் தெரியுமா?

முதல் நாள் வேலைக்குப் போனபோது என் முதலாளி, பழம் வெட்டத் தெரியுமா என்று கேட்கவில்லை. கத்தத் தெரியுமா என்று கேட்டார்.

"அக்கா, நான் கவுண்டர்ல ஆர்டர் எடுத்துக் கத்துவேன். நீங்க உள்ள இருந்து அதையே திருப்பிக் கத்தணும். அப்பதான் ஆர்டர் ஏறிடுச்சுன்னு எனக்குத் தெரியும்."

"சிலிப் எழுதிக் குடுத்தா போதாதா, போஸ்?"

"சிலிப்பு கிளினிக்ல குடுப்பாங்க. சத்தம் இல்லாத கடையில எவன் சாப்பிடுவான்?"

அவர் பெயர் நசீர். என் மூத்த மகன் வயதுதான். ஆட்களுக்கு முன்னால் 'போஸ்' என்பேன், மற்ற நேரத்தில் 'தம்பி'. அவருடைய அப்பாவுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. முன்னால் ஒருவர் 'தே தாரிக் ஒண்ணு, சீனி குறைச்சு' என்று கத்த, பின்னால் இன்னொருவர் அதைத் திருப்பிக் கத்த, அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை. பீச் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆபீஸ்காரர்களுக்காகக் கிண்ணத்தில் பழம் விற்கும் பவுல் கடை போட்டபோது வெள்ளைப் பெயிண்ட், பலகை மேசை, தொட்டிச் செடி என்று எல்லாவற்றையும் புதுசாக வைத்தார். சத்தத்தை மட்டும் அப்பா கடையிலிருந்து கொண்டுவந்துவிட்டார்.

நான் தனம். அதற்கு முன் பத்து பெரிங்கியில் ஒரு ஹோட்டலில், அடுப்பில்லாத கோல்ட் கிச்சனில் பல வருஷம் பஃபேக்குப் பழம் வெட்டினேன். அங்கே கத்திச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. கொரோனா காலத்தில் ஆட்குறைப்பு வந்தது, வீட்டுக்கு வந்தேன். எனக்கு உட்காரத் தெரியாது. டீவி பார்க்கும்போதும் கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் மகள், "எங்கயாவது வேலைக்குப் போங்கம்மா, எங்களை விட்டுடுங்க" என்று கும்பிட்டுவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, காலைச் சாப்பாட்டு வேலை என்னைப் போல நிற்க முடியாதவர்களுக்குத்தான் சரிப்படும். ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் கிடைப்பது கொஞ்ச நேரம். அதற்குள் வரிசை கடையைத் தாண்டி ஐந்தடி நடைபாதைக்குப் போய்விடும். யோசிக்க நேரம் இருக்காது. காதில் விழுந்ததைக் கை செய்ய வேண்டும்.

கசப்பு

வேலை என்னவோ சுலபம்தான். முந்தின நாளே பாலில் ஊறவைத்த ஓட்ஸ் அடியில். அதன் மேல் தயிர். அதன் மேல் பழம். கடைசியாக வறுத்த தேங்காய்த் துருவல், கடலை, ஒரு கரண்டி குலா மெலாக்கா என்கிற தென்னைவெல்லப் பாகு. வாழைப்பழத்தை மட்டும் ஆர்டர் வந்த பிறகு நறுக்க வேண்டும். முன்னாலேயே நறுக்கினால் கறுத்துப் போகும்.

இந்த வேகமும் நசீருக்குப் போதவில்லை. முதல் மாதத்திலேயே ஒரு சாயங்காலம் வந்து நின்றார்.

"அக்கா, எல்லாத்தையும் இப்பவே போட்டு மூடி சில்லர் ஃபிரிட்ஜ்ல அடுக்கிடலாம். காலையில எடுத்துக் குடுத்துட்டே இருக்கலாம்."

"பப்பாளியும் அன்னாசியும் ராத்திரி பூரா தயிரோட கிடந்தா கசக்கும், போஸ்."

"யூடியூப்ல எல்லாரும் அப்படித்தான் செய்றாங்கலா."

செய்தோம். மறுநாள் முதலில் வந்த சீனப் பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டு, இது பழமா மருந்தா என்று மலாயில் நிதானமாகக் கேட்டார். நசீர் தானும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சில்லரில் அடுக்கியிருந்த அத்தனையையும் கொட்டினோம்.

அன்றிலிருந்து பப்பாளிக்கும் அன்னாசிக்கும் தனித் தட்டு, தனிப் பலகை, தனிக் கத்தி. பவுலைக் கையில் கொடுக்கும் முன்தான் மேலே வைப்போம். இந்தப் பழக்கம் பிறகு நான் நினைக்காத ஒரு காரியத்துக்கு உதவியது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பப்பாயா தக் மாவ்

கவிதா மாடியில் இருந்த ஆடிட் ஆபீசில் வேலை பார்த்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். கடை திறந்த நாள் முதல் வாடிக்கை. பப்பாளி என்றால் அவளுக்கு உயிர். "ஓட்ஸைக் குறைச்சு பப்பாளியைக் கூட்டுங்கக்கா" என்று தினமும் கெஞ்சுவாள்.

ஒரு நாள் காலையில் நசீரின் குரல் வந்தது.

"டிராகன் ஒண்ணு! பப்பாயா தக் மாவ்! நனாஸ் தக் மாவ்!"

டிராகன் பழ பவுல், பப்பாளி வேண்டாம், அன்னாசி வேண்டாம். திருப்பிக் கத்த வாயைத் திறந்துகொண்டே தலையை நிமிர்த்தினேன். கவுண்டரில் கவிதா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணமான ஒரு பெண் இந்த இரண்டு பழத்தையும் ஒரே நாளில் விட்டால், இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. தமிழருக்கும் தெரியும், மலாய்க்காரருக்கும் தெரியும், சீனருக்கும் தெரியும். நன்றாகப் பழுத்த பப்பாளி ஒன்றும் செய்யாது என்று டாக்டர்கள் சொல்வதாக என் மகள் சொல்கிறாள். இருக்கலாம். அதை ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

"அக்கா, ஆர்டர் ஏறுச்சா?"

"ஏறுச்சு, ஏறுச்சு."

நல்லவேளை, வரிசையில் அவள் ஆபீஸ் ஆட்கள் யாரும் இல்லை. பவுலை வாங்கப் பக்கத்தில் இருந்த கிச்சன் ஜன்னலுக்கு வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர் கொஞ்சம் மெதுவா சொல்ல மாட்டாராக்கா?"

"அவன் பொறக்கும்போதே ஆர்டர் கத்திட்டுத்தான் பொறந்திருப்பான். எத்தனை மாசம்மா?"

"இப்பதான் தெரிஞ்சுது." தரையைப் பார்த்தாள். "இது மூணாவது தடவைக்கா. முதல் ரெண்டு தடவையும் எல்லார்கிட்டயும் சொன்னோம். தங்கல. அப்புறம் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தாங்க. வந்துட்டே இருந்தாங்க. நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் குடுத்துட்டே இருந்தேன்."

"இப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவருக்கும். இப்ப உங்களுக்கு."

"ரேவதிக்கு?"

ரேவதி அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. அதே ஆபீசில்தான் வேலை. பாதி நாள் கவிதாவுக்குப் பின்னாலேயே வரிசையில் நிற்பாள்.

"அவகிட்ட சொல்லவே முடியாதுக்கா. நல்லவதான்லா. ஆனா அழுதுடுவா. போன தடவை அவளைச் சமாதானப்படுத்தவே எனக்கு நேரம் சரியா இருந்துச்சு."

அவள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு ரேவதி பின்னால் நிற்பாள். நசீர் 'பப்பாயா தக் மாவ்' என்று சந்து முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். அவ்வளவுதான், முடிந்தது கதை. நசீரிடம் உண்மையைச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். நல்ல பிள்ளை, யாரிடமும் சொல்ல மாட்டார். ஆனால் மறுநாளே கவிதாவைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார், ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போடுவார். வாயால் சொல்லுவதும் ஒன்றுதான், அதுவும் ஒன்றுதான்.

நம்பர்

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே பேச்சை ஆரம்பித்தேன்.

"தம்பி, உன் தொண்டை என்னத்துக்கு ஆகும்? ஒவ்வொரு பவுலுக்கும் இவ்வளவு நீளம் கத்துறே. நம்பர் போட்டுடு. 'ரெண்டு ஒண்ணு, நாலு ஒண்ணு' அவ்வளவுதான்."

நசீர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "சுருக்கமா இருந்தா இன்னும் சத்தமா கத்தலாம்" என்றார். அப்போதே சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுத ஆரம்பித்தார். இன்றுவரை அது தன்னுடைய யோசனை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

ஆறு பவுல் எழுதி முடித்தார். ரெண்டாம் நம்பர்தான் பப்பாளியும் அன்னாசியும் நிறையப் போட்டது, எங்கள் கடையில் அதிகம் போவது.

"ஏழு ஒண்ணு எழுது" என்றேன். "வாழைப்பழம், மாம்பழம், சிக்கு, மேல தேங்காய்."

சிக்கு என்றால் சப்போட்டா. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

"பப்பாயா இல்ல, நனாஸ் இல்ல. இதை யாருக்கா வாங்குவா?"

"கேஸ்ட்ரிக் உள்ளவங்க. அந்த ரெண்டும் அவங்களுக்கு ஒத்துக்காது. நேத்து அந்த கவிதா கூட வேணாம்னுச்சே."

"ஓ, கேஸ்ட்ரிக்கா." அவர் முகத்தில் அனுதாபம் வந்தது. "பாவம், ஆபீஸ்ல ஸ்டிரெஸ்."

நான் வாசலுக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். கவிதா சந்து முனையில் வந்தாள். பின்னால் போனை நோண்டிக்கொண்டே ரேவதி.

"ஏழுன்னு சொல்லு" என்றேன், துணியைப் பிழிந்துகொண்டே. "கேட்டா கேஸ்ட்ரிக்."

கவிதா தலையைக்கூட அசைக்கவில்லை. கவுண்டரில் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நசீர் கத்தினார். "ஏழு ஒண்ணு!"

"ஏழு ஒண்ணு!" என்று நானும் கத்தினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் கத்தியதே இல்லை.

முள்கரண்டி

அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்கு ஒரே பாடுதான். கவிதாவின் நம்பர் காதில் விழும்வரை கை ஒரு வேலையிலும் நிற்காது. தேங்காயைக் கருக்கினேன். சர்க்கரை வேண்டாம் என்றவருக்குப் பாகை ஊற்றினேன். 'ஏழு ஒண்ணு' என்று கேட்டதும்தான் மூச்சு வரும். உடனே கைகளைக் கழுவிக்கொண்டு, பப்பாளி படாத பலகையை எடுத்துப்போட்டு, படாத கத்தியைத் திரும்பவும் ஒரு தடவை கழுவுவேன். அவள் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் ஜன்னலுக்கு நேர் எதிர் மேசை. கவிதாவுக்கு ஏழு, ரேவதிக்கு ரெண்டு.

"என்ன அண்ணி, இன்னும் அந்த கேஸ்ட்ரிக் சரியாகலையா?" என்றாள் ரேவதி.

"இயர் எண்ட் கணக்குலா. நேரத்துக்குச் சாப்பிட முடியறதில்ல."

"வயித்துக்கு நல்லதே பப்பாளிதான் அண்ணி. அதைப் போய் விட்டுட்டீங்க. இந்தாங்க."

சொல்லிக்கொண்டே முள்கரண்டியில் ஒரு பெரிய துண்டைக் குத்தி எடுத்து, கவிதாவின் பவுலில் வைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? இன்னொரு துண்டையும் வைத்து, "சாப்பிடுங்க, நான் பாக்கணும்" என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள். அன்புதான். அதனால்தான் கவிதாவால் அதைத் தள்ள முடியவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி தயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. அன்று வந்தது கோபமா பயமா தெரியவில்லை. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே போனேன். பவுலைக் கவிதாவின் முன்னாலிருந்து வெடுக்கென்று எடுத்தேன்.

"மன்னிச்சுக்கம்மா, இது வேற ஆளு பவுலு. மாத்திக் குடுத்துட்டேன்."

"அவங்க பாதி சாப்பிட்டாச்சே அக்கா" என்றாள் ரேவதி.

"அதான் சொல்றேன், வேற பவுலு. புதுசா போட்டுத் தரேன்."

உள்ளே வந்தேன். நசீர் கவுண்டரை விட்டே வந்துவிட்டார். "அக்கா, சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க கையில இருந்து பிடுங்கலாமா? வைரல் ஆக்கிடுவாங்க."

"தயிர் கெட்டுப் போச்சு, போஸ். அந்த ஒரு பவுலு."

நசீர் அந்தத் தயிரை முகர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார். புது ஏழாம் நம்பரை நானே கொண்டுபோய்க் கவிதாவின் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்க் குவளையையும் டிஷ்யூ பெட்டியையும் வைத்துவிட்டு, ரேவதி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

ரெண்டு ஒண்ணு

ஒரு திங்கட்கிழமை கவிதா வரவில்லை. மறுநாளும் இல்லை. ரேவதி மட்டும் வந்தாள்.

"அண்ணி மெடிக்கல் லீவு, எம்.சி. எடுத்திருக்காங்க. கேஸ்ட்ரிக் ரொம்ப மோசமாம். படுத்தே இருக்காங்க." பிறகு ஜன்னல் பக்கம் வந்து, "அக்கா, உங்க தயிர் அன்னிக்குக் கெட்டுப் போச்சுன்னு போஸ் சொன்னாரே, அதனால இருக்குமா?" என்று கேட்டாள்.

இல்லையம்மா என்றேன். அந்த வாரம் முழுக்க நான் மனுஷியாகவே இல்லை. வீட்டில் மகள் ஏதாவது கேட்டால் வள்ளென்று விழுந்தேன். நல்ல செய்தியாக இருந்தால் எதற்குப் படுக்க வேண்டும், ஒருவேளை டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கலாம் அல்லவா என்று எனக்கு நானே வழக்காடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் குரல் கவுண்டரில் கேட்டது. நசீருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க, வாங்க. கேஸ்ட்ரிக் சரியாச்சா? ஏழுதானே?"

"இல்ல. ரெண்டு குடுங்க."

நான் கையில் வைத்திருந்த மாம்பழத்தைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு ஒண்ணு!" நசீர் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்தினார். வரிசையில் நின்றவர்களையும் விடவில்லை. "பாத்தீங்களா, எங்க ஏழு சாப்பிட்டு கேஸ்ட்ரிக் ஓடிப்போச்சு!"

நான் திருப்பிக் கத்த வேண்டும். கத்தவில்லை. சில்லரைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அழுகை வந்தது. அழுதேன். வெளியே நசீர் "அக்கா, ரெண்டு ஏறுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறிடுச்சு, போஸ்."

பப்பாளித் தட்டை எடுத்தேன். நல்ல பழம் அன்றைக்கு, பாலிக் புலாவ் தோட்டத்திலிருந்து வந்தது. பவுல் தாங்காத அளவுக்கு வைத்தேன். கவிதா ஜன்னலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். என் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மேசைக்குப் போகாமல் அங்கேயே நின்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"நல்லா இருக்குக்கா."

நான் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றி அவள்தான் முதல் நாளே சொல்லியிருந்தாளே.

"யாரும் வரலக்கா" என்றாள். "வீட்டுக்கு. இந்தத் தடவை யாருமே வரல. ரேவதி மட்டும் கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வந்தா. கேஸ்ட்ரிக்குக்கு இஞ்சி போட்டிருக்கேன் அண்ணின்னு சொன்னா. பக்கத்துல உட்கார்ந்து ஆபீஸ் கதையெல்லாம் பேசினா. நான் சிரிச்சேன்கூட." இன்னொரு துண்டு சாப்பிட்டாள். "அது போதும்க்கா எனக்கு."

பவுலை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் மாடிக்குப் போனாள்.

பலகை

சில மாதம் கழித்து நசீர் பலகையைத் துடைத்துப் புது விலை எழுத ஆரம்பித்தார். ஆறோடு நிறுத்தினார்.

"ஏழு எங்க தம்பி?"

"அது ஓட மாட்டேங்குது அக்கா. சிக்கு வாங்கி வாங்கி வீணாப் போகுது. கேஸ்ட்ரிக் ஆளுங்களே கம்மிதான்."

"ஏழாம் நம்பரை எடுத்துட்டா, நான் நாளைக்கு வர மாட்டேன்."

"கிலாவா அக்கா? ஒரு பவுலுக்காகவா?"

"பைத்தியம்னே வச்சுக்கோ. எழுது."

எழுதினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து, ஏழு கேட்பவர்களிடம் அவர் காரணம் விசாரிப்பதை விட்டுவிட்டார்.

எங்கள் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். பழம் வெட்டுவதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஒருவர் தினமும் கேட்பதை ஒரு நாள் மாற்றிக் கேட்டால் ஏன் என்று கேட்காதே. அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதே, உச்சுக் கொட்டாதே. நம்பரைத் திருப்பிக் கத்து. கத்தியைக் கழுவு. கேட்டதைச் சுத்தமாகச் செய்து கொடு. அவர்களுக்குச் சொல்லத் தோன்றினால் ஜன்னலுக்கு வந்து அவர்களே சொல்வார்கள்.

போன மாதம் ஒரு காலையில் நான் குனிந்து ஓட்ஸ் அள்ளிக்கொண்டிருந்தேன். வரிசையில் ரேவதியின் பேச்சு கேட்டது, அண்ணி அண்ணி என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு நசீரின் குரல் வந்தது.

"ஏழு ஒண்ணு!"

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏழு ஒண்ணு" என்று திருப்பிக் கத்தினேன். கைகளைக் கழுவினேன். கத்தியைக் கழுவினேன். வாழைப்பழத்தை உரித்தேன்.

இன்றைக்கும் கவிதா ஏழுதான் கேட்டாள். நாளைக்கு என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. சிக்கு மட்டும் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.